வேடிக்கைக்கு ஒரு விலை

ஆந்திரத்தின் பலமனேர்ப் பக்கம் யானை இறங்கிவிட்டது என்றால் போதும், வனத்துறை ஜீப் வருவதற்குள் பைக்கில் ஒரு கூட்டம் போய் நிற்கும். கேழ்வரகுக் கொல்லை ஓரத்தில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் கிட்டப் போலாம்டா" என்பான் ஒருவன். ஆர்வம் குற்றமல்ல. 1980களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து புது இடம் தேடி யானைகள் இங்கே வந்தன. அவற்றுக்காக 1990இல் கவுண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யானைகள் எந்த வழியாக வரும், எதைத் தின்னும், காது விடைத்தால் என்ன பொருள் என்பதெல்லாம் தூர நின்று பொறுமையாகப் பார்த்தவர்களால் நமக்குக் கிடைத்த அறிவு. வேடிக்கை பார்ப்பவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவன் கூச்சலிட்டுக் கல் வீசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். மிரண்ட யானையை இரவில் எதிர்கொள்பவர் கொல்லைக் காவலுக்குப் படுத்திருக்கும் விவசாயி. 2025 மே மாதம் கர்நாடகம் ஆந்திரத்துக்குப் பழக்கப்பட்ட கும்கி யானைகளைக் கொடுத்தது. கும்கிகள் காட்டு யானையை விரட்டும். கூட்டத்தை யார் விரட்டுவது? யானையைத் தெரிந்துகொள்ள ஆசையா? தாராளமாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அந்த ஆசைக்கான விலையை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள்.