கரியமில வாயுவில் இருந்து பிளாஸ்டிக்!
செம்புத் தகடு செய்யும் அதிசயம்

சோடா பாட்டிலைத் திறந்தால் "புஸ்" என்று ஒரு வாயு சீறிக்கொண்டு வருகிறது. அதுதான் கரியமில வாயு.

விறகு எரிந்தாலும், நிலக்கரி எரிந்தாலும், பெட்ரோல் எரிந்தாலும் இதே வாயு வெளிவருகிறது. பூமியில் இருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தை இது தடுத்து நிறுத்துகிறது. அதனால் பூமி சூடேறுகிறது.

ஹவாய்த் தீவில் உள்ள மவுனலோவா மலையில் 1958-ம் ஆண்டு முதல் இந்த வாயுவை அளந்து வருகிறார்கள். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் இது சுமார் 315 பங்கு இருந்தது. 2024-ம் ஆண்டில் 420 பங்கைத் தாண்டிவிட்டது.

இந்த வாயுவைப் பிடித்துப் பயனுள்ள பொருளாக மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

ஜப்பானில் நடந்த சோதனை

ஜப்பானில் உள்ள சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரி என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். 1985-ம் ஆண்டில் அவரும் அவருடைய குழுவினரும் தங்கள் முடிவை வெளியிட்டார்கள்.

சோதனை எளிமையானதுதான். சமையல் சோடா இனத்தைச் சேர்ந்த ஓர் உப்பைத் தண்ணீரில் கரைத்தார்கள். அதில் கரியமில வாயுவைச் செலுத்தினார்கள். உலோகத் தகடுகளை அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சினார்கள்.

தகட்டை மாற்றினால், கிடைக்கும் பொருளும் மாறியது!

தங்கமும் வெள்ளியும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவைக் கொடுத்தன. அது நச்சு வாயுதான். ஆனாலும் ரசாயன ஆலைகளுக்கு அது மூலப்பொருள். ஈயமும் வெள்ளீயமும் பார்மிக் அமில வகையைக் கொடுத்தன. ரப்பர் பாலை உறைய வைக்க உதவுகிற அமிலம் அது.

செம்பின் தனிக்குணம்

செம்பு மட்டும் தனி வழியில் சென்றது. அடுப்பில் எரியக்கூடிய மீத்தேன் வாயு அதில் கிடைத்தது. பிளாஸ்டிக் செய்ய உதவும் எத்திலீன் வாயுவும் கிடைத்தது.

என்ன காரணம்? மாறுதலின் நடுவே கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. தங்கமும் வெள்ளியும் அதை உடனே விட்டுவிடுகின்றன. பிளாட்டினம் இறுகப் பிடித்துக்கொள்கிறது. செம்போ அளவாகப் பிடிக்கிறது. அதனால் வேலை மேலே நடக்கிறது.

ஆனால் செம்பிலும் ஒரு குறை உண்டு. பல பொருள்கள் கலந்து வருகின்றன. 2012-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 16 பொருள்கள் இருந்தன! அவற்றைத் தனித்தனியே பிரிப்பது செலவு பிடிக்கும் வேலை. போதாததற்கு, மின்சாரத்தில் ஒரு பகுதி தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் உண்டாக்குவதிலும் போய்விடுகிறது.

விலை என்ன?

விலை, மின்சாரம்தான்.

கிணற்றில் குடம் விழுவது சுலபம். அதை மேலே தூக்கக் கை வலிக்க வேண்டும். நிலக்கரி எரியும்போது சக்தி வெளிவருகிறது. வாயுவை மறுபடியும் எரிபொருளாக்க அதைவிட அதிக சக்தியைக் கொடுத்தாக வேண்டும்.

அந்த மின்சாரத்தை நிலக்கரி எரித்துத் தயாரித்தால் என்ன ஆகும்? குறைவதைவிட அதிக வாயு புதிதாக உண்டாகும்! சூரிய ஒளி, காற்று, நீர்வீழ்ச்சி போன்றவற்றில் இருந்து வரும் மின்சாரமே இதற்கு ஏற்றது.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். உலகம் ஆண்டுக்கு 15 கோடி டன்னுக்கு மேல் எத்திலீன் தயாரிக்கிறது. ஒரு டன் எத்திலீனுக்கு 3 டன்னுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு தேவை. அந்த 15 கோடி டன்னையும் இந்த முறையில் செய்தால், சுமார் 47 கோடி டன் வாயு செலவாகும்.

ஆனால் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிவதால் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் வெளியேறுகிறது. நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் இதனால் குறையும். அந்த பிளாஸ்டிக்கை எரித்தால், அந்த வாயுவும் காற்றுக்கே திரும்பிவிடும்.

ஆகவே இந்தக் கண்டுபிடிப்பு வீண் அல்ல. நிலக்கரியும் எண்ணெயும் இல்லாமல் பிளாஸ்டிக்கும் எரிபொருளும் செய்ய இது ஒரு வழி. ஆனால், "எவ்வளவு வேண்டுமானாலும் எரிக்கலாம், செம்புத் தகடு பார்த்துக்கொள்ளும்" என்று யாரும் இருந்துவிட முடியாது. எரிப்பதைக் குறைப்பதுதான் முதல் வேலை.