எக்மோவும் எமது தலைப்புச் செய்திகளும்

எக்மோ என்ற சொல்லைத் தமிழ் வாசகர்களில் மிகப் பெரும்பாலானோர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது 2016 டிசம்பர் 4ஆம் திகதி இரவிலேதான். அன்று சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் இதயத்துடிப்பு நின்றுபோக, அவர் அந்தக் கருவியில் இணைக்கப்பட்டார். (இதயம் திடீரென நின்றுபோவதும் மாரடைப்பும் வேறு வேறு. எனினும் பல ஊடகங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.) மறுநாள் மாலை சில தொலைக்காட்சிகள் முந்திக்கொண்டு மரணச் செய்தியை வெளியிட்டன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏறியது. மரணம் நிகழ்ந்ததாக மருத்துவமனை அறிவித்த நேரம் அன்றிரவு 11.30.

அந்த ஒரு நாள் கூத்தில் எமது ஊடகங்கள் எக்மோவுக்குக் கொடுத்த பொருள் இதுதான்: செத்தவரைச் சாகாதவராகக் காட்டும் பெட்டி. 2020இல் கொவிட் தொற்றுடன் ஓகஸ்ட் 5ஆம் திகதி சென்னையில் அனுமதிக்கப்பட்ட பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம், பின்னர் எக்மோவில் வைக்கப்பட்டு, செப்டெம்பர் 25ஆம் திகதி காலமானார். அப்போது இரண்டாவது பொருளும் வந்து சேர்ந்தது: பணம் பறிக்கும் பெட்டி. கட்டணப் பாக்கிக்காக உடலைத் தர மறுத்தார்கள் என்ற வதந்தியை அவருடைய மகனே முன்வந்து மறுக்க வேண்டியதாயிற்று. துக்க வீட்டில் அந்த வேலையை அவர் தலையில் சுமத்தியது யார்?

எக்மோ செய்வது என்ன? தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய நாளத்தில் தடித்த குழாயைச் செலுத்திக் குருதியை வெளியே எடுக்கிறார்கள். ஒரு மென்சவ்வின் ஊடாக அதைச் செலுத்தி, காபனீரொட்சைட்டை அகற்றி, ஒட்சிசனை ஏற்றி, உடலுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். நாளத்துக்கே திருப்பினால் நுரையீரலுக்கு மட்டும் ஓய்வு. நாடிக்குத் திருப்பினால் இதயத்துக்கும் துணை. இது எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. குணமாவதற்குக் கால அவகாசம் தருகிறது, அவ்வளவே. அந்த அவகாசத்துக்கும் விலை உண்டு. குழாய்களில் குருதி உறையாதிருக்க மருந்து கொடுக்க வேண்டும். அதனாலேயே மூளையில் குருதி கசியலாம். நாட்கள் கூடக்கூடத் தொற்றும் கூடும்.

இதயம் நின்றிருந்தும் கருவியின் துணையால் மூளைக்குக் குருதி சென்றுகொண்டிருக்கக் கூடும். ஆகவே எக்மோவில் உள்ளவரின் இதயம் துடிக்கவில்லை என்பது மட்டும் மரணத்துக்குச் சான்றாகாது. 2022 ஒக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட ஆறுமுகசாமி ஆணைய அறிக்கை, மரணம் டிசம்பர் 4 பிற்பகலிலேயே நிகழ்ந்துவிட்டது என்றது. அதே ஆண்டில் எய்ம்ஸ் மருத்துவர் குழு, சிகிச்சை முறையாகவே நடந்தது என்றது. இவ்விரண்டுக்கும் இடையில் எழும் கேள்வியை, அதாவது எக்மோவில் இருப்பவருக்கு மரணம் எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பதை, வாசகருக்கு விளக்குவதுதான் பத்திரிகையின் கடமை. எமக்குக் கிடைத்ததோ சதிக் கதைகள்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. எக்மோவை ஒரு கருவி என்றே எழுதி எழுதி, அதன் பின்னால் இருக்கவேண்டிய அணியை மறைத்துவிட்டார்கள். இரவு பகலாக நோயாளியின் அருகில் நிற்கும் தாதி, பம்பியை இயக்குபவர், குழாய் செலுத்தத் தெரிந்த சத்திர சிகிச்சையாளர், குருதி வங்கி, எப்போது நிறுத்துவது என்று துணிந்து சொல்லும் மூத்த வைத்தியர்: இவர்கள் இல்லாத இடத்தில் அது விலையுயர்ந்த இரும்புதான். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 30க்கு மேல் எக்மோ செய்யும் நிலையங்களில் இறப்பு விகிதம், ஆறுக்கும் குறைவாகச் செய்யும் நிலையங்களைவிடக் குறைவு என்று 2015இல் வெளியான சர்வதேசப் பதிவேட்டு ஆய்வு காட்டியது. கைப்பழக்கம் என்பது எங்கள் பாட்டிமாருக்கும் தெரிந்த விடயம்.

இங்கிலாந்து 2009 பன்றிக் காய்ச்சலுக்குப் பின்னர் பெரியவர்களின் சுவாசச் செயலிழப்புக்கான எக்மோவை ஐந்து மருத்துவமனைகளில் குவித்தது. நோயாளி வேறு ஊரில் இருந்தால் அணி அவரிடம் போய், கருவியில் இணைத்து, அழைத்து வருகிறது. செலவு அரசினுடையது. காணி விற்ற பணம் எவ்வளவு என்று வாசலில் எவரும் கேட்பதில்லை.

பிரபலம் ஒருவர் எக்மோவில் இருக்கும்போது மருத்துவமனை வாசலில் ஒலிவாங்கிகளுடன் நிற்போரில் எத்தனை பேர் கேட்டார்கள், இங்கே ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள் என்று? எத்தனை பேர் உயிருடன் வீடு திரும்பினர்? கணக்கைச் சர்வதேசப் பதிவேட்டுக்கு அனுப்புகிறீர்களா? பிரபலம் அல்லாத ஒருவர் இதே நிலையில் வந்தால் என்ன செய்வீர்கள்?

எண்களைச் சொல்லி உறவினரின் நம்பிக்கையைக் கெடுக்கலாமா என்று சிலர் கேட்பர். 1975இல் கலிபோர்னியாவில் வைத்தியர் றொபேட் பாட்லெற் எக்மோவினால் காப்பாற்றிய பச்சிளங் குழந்தைக்குத் தாதியர் இட்ட பெயரே ஸ்பானிய மொழியில் ‘நம்பிக்கை’ என்று பொருள்படும். ஆனால் அதே பாட்லெற்றும் அவருக்குப் பின்வந்தோரும் நம்பிக்கையோடு நின்றுவிடவில்லை, எண்ணினார்கள். 1996இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் எக்மோவுக்கு ஒதுக்கப்பட்ட 93 குழந்தைகளில் 30 பேர் இறந்தனர். வழமையான சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட 92 பேரில் 54 பேர். 2020இல் கொவிட்டுக்காக எக்மோவில் வைக்கப்பட்ட 1,035 பேரின் தரவுகளைக் கொண்டு, 90 நாட்களில் இறப்போர் நூற்றுக்கு 37 பேரளவு என மதிப்பிட்டனர். நகையை அடகு வைக்கப் புறப்படும் தாய்க்கு இந்த எண்களைச் சொல்லாமல் மறைப்பது கருணை என்று எவரும் எனக்குப் போதிக்க வேண்டாம்.