ஏரிக்கரையும் ஆம்பியும்

காஞ்சிமாநகரை அடுத்துள்ள கூரம், கூரத்தாழ்வார் பிறந்த பெருமையுடையது. 7ஆம் நூற்றாண்டில் அரசாண்ட முதலாம் பரமேசுவரவர்ம பல்லவனின் கூரம் செப்பேடு, அங்கு எழுந்த கோயிலையும், ஓர் ஏரியையும், அதற்குப் பாலாற்றினின்று நீர் கொணர்ந்த காலையும் குறிக்கின்றது. ஏரி தருவது நீர் மட்டுமன்று. அதன் கரையும், கரைமேல் நிற்கும் மரமும், மரத்தடிப் புற்றும் பல சிற்றுயிர்களுக்கு உறைவிடமாம். அவற்றுள் ஒன்று காளான்.

காளானைப் பண்டையோர் ஆம்பி என்றனர். பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனுக்கு உரைக்குமிடத்து, சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்ததென்று கூறியது புறநானூற்றில் காணப்படும்.

மண்மேல் தோன்றும் குடை, காளானின் கனி போன்றது. அதன் உடலோ நுண்ணிய இழைகளாய் மண்ணிலும் மட்கிய மரத்திலும் பரந்து கிடக்கும். சில காளான்கள் சருகையும் பட்ட மரத்தையும் மட்கச் செய்து மண்ணை வளப்படுத்தும். சில, மரவேரோடு கூடி அதற்கு நீரும் உப்புச்சத்தும் ஈட்டித் தந்து, தாம் மரத்தினின்று உணவு பெறும். புற்றுக்காளானைக் கறையான்களே தம் புற்றினுள் பயிர் செய்கின்றன. கறையானின் துணையின்றி அது வாழ்தல் அரிது.

நகரம் பரவுங்கால் இவ்விழைகளே முதற்கண் அழிகின்றன. மனைக்காகப் புற்று இடிக்கப்படுகின்றது. கறையானுக்கு நஞ்சு தெளிக்கப்படுகின்றது. மேல்மண் வாரப்பட்டுச் சிமெந்துத் தளம் இடப்படுகின்றது. சருகு கூட்டி எரிக்கப்படுகின்றது. புகையும் கேடு செய்யும். காற்றில் மிகுந்த நைட்ரசன் சேர்மங்களால் மரவேர்க் காளான்கள் அருகியமையை நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் 1980களில் எடுத்துக்காட்டினர்.

சந்தையில் காளான் மலிந்துள்ளதே, குறை யாது என்பாருமுளர். சந்தையில் மலிந்தவை மொட்டுக்காளான், சிப்பிக்காளான் முதலிய சிலவே. ஒருவகை நெல் களஞ்சியம் நிறையக் கிடந்தாலும், பலவகை விதைநெல் அழிந்தமைக்கு அஃது ஈடாமோ? மேலும், வளர்ப்புக்கூடத்துக் காளான் காட்டு மண்ணை வளப்படுத்தாது.

நகரமே வளரலாகாது என்பது இதன் கருத்தன்று. 2021இல் காஞ்சிபுரம் மாநகராட்சியாயிற்று. மக்களுக்கு வீடும் தொழிலும் வேண்டுவனவே. ஆயின் ஏரிக்கரையையும் கோயில் தோப்பையும் வெறும் நிலமென்று எண்ணுதல் தவறு. அவற்றில் முதுமரங்களை வெட்டாது விடுதலும், வீழ்ந்த மரத்தைச் சிறிது மட்கவிடுதலும், ஊறு செய்யாத புற்றைக் காத்தலும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல.

நல்ல காளானையும் நச்சுக் காளானையும் பிரித்தறியும் அறிவு, காளான் முளைக்கும் மண்ணோடு பிறந்தது. அம்மண் மறைந்தால் அறிவும் மறையும். அறியாதார் கண்டதைப் பறித்துண்டு உயிர்க்கே இடர் தேடுவர். ஆதலின், எஞ்சிய மண்ணைக் காப்பதோடு, முதியோரிடம் எஞ்சிய அறிவை இளையோர் கேட்டு எழுதிவைத்தலும் உடனே செய்தற்குரிய கடமையாகும்.