வருஷத்துக்கு ஒரு தடவை குளிச்சா போதுமா?

பெரிய வாரம் வந்தா எங்க கோடைக்கானல் கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். ஆளுக்கு ஒண்ணரை நிமிஷம். "பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசைக்கு வரலை." மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டா கணக்கு தீர்ந்துச்சு. அடுத்தது அடுத்த வருஷம்தான்.

இதே வரிசையில நானும் இருபது வருஷம் நின்னவன். அதனால திட்ட எனக்கு உரிமை இருக்கு :-)

"சட்டமே வருஷத்துக்கு ஒரு தடவைன்னுதானே சொல்லுது?"ன்னு கேப்பாங்க. ஆமா, 1215-ல நாலாம் லாத்தரன் பொதுச்சங்கம் போட்ட சட்டம். அது குறைஞ்ச அளவு மக்கா! பாஸ் பண்ண 35 மார்க் போதும்கிறதுக்காக யாராவது 35-க்கு மட்டும் படிப்பானா? போப் பிரான்சிஸ் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை பாவசங்கீர்த்தனம் செய்யறதா 2013-ல அவரே சொன்னார். அவருக்கே அது தேவைப்பட்டுச்சுன்னா, நாம எந்த மூலைக்கு?

சரி, என் கதைக்கு வர்றேன். அப்பா விட்டுட்டுப் போன உருளைக்கிழங்குத் தோட்டம் எனக்கும் தம்பிக்கும் பொது. ஒரு வெள்ளாமையில விளைஞ்சதைக் குறைச்சுக் கணக்கு காட்டிட்டேன். தம்பி வெளியூர்ல இருந்தான், நம்பிட்டான். அதுக்கப்புறம் மூணு பெரிய வாரத்துல "பேராசைப்பட்டேன் சாமி"ன்னு சொன்னேன். பொய் இல்லை. ஆனா உண்மையும் இல்லை. பின்னால ஐம்பது பேர் நிக்கும்போது சாமியார் என்னத்தைத் தோண்டிக் கேக்க முடியும்?

அடுத்த வருஷம் வீட்டுக்காரம்மா பிடுங்கல் தாங்காம தவக்காலத்து வெள்ளிக்கிழமை எல்லாம் போனேன். முதல் வாரம் "பேராசை". ரெண்டாவது வாரம் "காசு விஷயத்துல தப்பு பண்ணிட்டேன்". அதே சாமியார், அதே நான். மூணாவது வாரம் வாய் கூசிடுச்சு. "கூடப் பிறந்தவனை ஏமாத்திட்டேன் சாமி."

அவர் திட்டலை. ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "எத்தனை மூட்டை?"

பதினொண்ணு. அந்த எண்ணை நாலு வருஷமா எனக்கு நானே கூட சொல்லிக்கிட்டதில்லை. "காசைத் திருப்பிக் குடுங்க. அடுத்த வாரம் வாங்க"ன்னார். அந்த "அடுத்த வாரம்"தான் விஷயம். அதுதான் என்னைத் தம்பி வீட்டு வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போச்சு. அவன் காசை வாங்கிக்கிட்டான். முகம் குடுத்துப் பேச இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு, அது வேற கதை.

"நான் நேரா கடவுள்கிட்டயே சொல்லிக்குவேன்"கிறவங்களுக்கு: நானும் நாலு வருஷம் சொன்னேன்யா. எத்தனை மூட்டைன்னு அவர் கேக்கலை. அல்லது கேட்டது என் காதுல விழலை.

"திரும்பத் திரும்ப அதே பாவத்தைத்தானே சொல்லப் போறோம்?" உண்மைதான். அழுக்காகும்னு தெரிஞ்சும் தினம் சட்டை துவைக்கிறோமே!

எங்க ஊர் சலேத் மாதா கோயிலுக்குப் போனவங்க ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. 1846-ல பிரான்ஸ்ல சலேத் மலையில ஆடுமாடு மேய்ச்ச ரெண்டு பிள்ளைகளுக்கு மாதா அழுதுக்கிட்டே காட்சி குடுத்தாங்கன்னு வரலாறு. அழுகிப்போற உருளைக்கிழங்கைப் பத்திக்கூட அப்பப் பேசினாங்களாம்! அவங்க கழுத்துச் சிலுவையில ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. பாவம் ஆணி அடிக்குது, மனஸ்தாபம் ஆணியைப் பிடுங்குதுன்னு அர்த்தம் சொல்வாங்க.

வருஷம் பூரா அடிச்ச ஆணியை ஒண்ணரை நிமிஷத்துல பிடுங்கிட முடியுமா? துரு ஏறிப்போயிருக்கும் சாமி. இந்தத் தவக்காலத்துல கூட்டம் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையாப் பாத்துப் போங்க. அடுத்த வெள்ளியும் போங்க.

டிஸ்கி: தம்பிகிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் எழுதினேன். "பதினொண்ணா? நான் பதினஞ்சுன்னு நினைச்சேன்"னு சிரிக்கிறான் பாவி.