கூம்புத் தொட்டியும் சில கேள்விகளும்

இராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் பழைய மாணவர் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆய்வேடுகளையும் திட்ட அறிக்கைகளையும் அச்சிட்டு பைண்டிங் செய்து கொடுப்பது அவருக்கு முக்கிய வருமானம். ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கடையில் கால் வைக்க இடமிராது. முதுநிலைப் பொறியியல் திட்ட அறிக்கையில் ஆங்கிலச் சுருக்கத்தை அடுத்துத் தமிழ்ச் சுருக்கமும் இடம்பெற வேண்டும் என்றொரு நல்ல வழக்கம் இங்கே உண்டு. பிள்ளைகளுக்கு அது கடைசி நாளில்தான் நினைவுக்கு வரும். "பின் தெருவில் தமிழ் சார் இருக்கார், போய்ப் பாருங்க" என்று கடைக்காரர் அனுப்பிவிடுவார். இப்படியாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக, கருவியியலும் கட்டுப்பாட்டுப் பொறியியலும் படிக்கும் மாணவர்களின் ஆய்வுகளுக்கு நான் பின்வாசல் வழியாக வாசகனாகியிருக்கிறேன்.

முதலில் சொற்களின் மீதுதான் எனக்கு ஈர்ப்பு. 'பின்னூட்டம்' என்ற சொல்லை வாசகர் கருத்து என்ற பொருளிலேயே இணையத்தில் பழகிவிட்டோம். பொறியியலில் அதன் பொருள் வேறு. ஓர் இயந்திரம் தான் செய்த வேலையின் விளைவைத் தானே அளந்து, அந்த அளவைத் தனக்கே திரும்ப ஊட்டிக்கொண்டு, அடுத்த செயலைத் திருத்திக்கொள்வது பின்னூட்டம். எங்கள் மணிக்கூண்டுக் கடிகாரத்துக்கு அது கிடையாது. நேரம் தப்பினாலும் தப்பியது தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். குளியலறைத் தொட்டியின் மிதவைக்கு உண்டு. நீர் உயர்ந்தால் வால்வை மூடிக்கொள்ளும்.

ஆலைகளில் மிகப் பெருவாரியாகப் புழங்கும் பி.ஐ.டி. கட்டுப்பாட்டகத்தை ஒரு மாணவர் எனக்கு விளக்கியபோது தமிழாசிரியனுக்கு வேறொன்று தோன்றியது. இப்போது எவ்வளவு பிழை இருக்கிறது என்று ஒரு பகுதி பார்க்கிறது. இதுவரை எவ்வளவு பிழை சேர்ந்திருக்கிறது என்று இன்னொன்று கூட்டுகிறது. பிழை எந்த வேகத்தில் எத்திசையில் போகிறது என்று மூன்றாவது கணிக்கிறது. நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம். முக்காலமும் அறிந்த முனிவர் ஒருவர் பாய்லருக்குப் பக்கத்தில் சிறு பெட்டிக்குள் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிற்க. சுருக்கங்களுக்கு வருகிறேன்.

என்னிடம் வந்தவற்றில் அடிக்கடி தலைகாட்டுவது கூம்புத் தொட்டி. கவிழ்க்காத கூம்பு வடிவத் தொட்டியில் நீர்மட்டத்தை நிலையாக வைத்திருப்பது எப்படி என்பது ஆய்வுப் பொருள். மேலே போகப் போகத் தொட்டி அகலமாவதால், அடியில் சட்டென்று மட்டத்தை உயர்த்திய அதே அளவு நீர் மேலே மெதுவாகத்தான் உயர்த்தும். ஆகவே ஓரிடத்துக்குப் பொருந்திய கணக்கு இன்னோரிடத்துக்குப் பொருந்தாது. வண்டல் தங்காமல் வடியும் என்பதால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலும் உணவு ஆலைகளிலும் இத்தகைய தொட்டிகள் உண்மையாகவே இருக்கின்றன. எனவே இது வெட்டி வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓராண்டு அதே தொட்டிக்கு மரபணு வழிமுறையால் கட்டுப்பாட்டகத்தைச் சீரமைக்கிறார்கள், மறு ஆண்டு பறவைக் கூட்டத்தைப் பார்த்து அமைத்த வழிமுறை, அடுத்து எறும்பு, தேனீ, இப்போது ஆழ்கற்றல். தொட்டி மட்டும் மாறுவதில்லை. பெரும்பாலும் அது கணினித் திரையைத் தாண்டி வெளியே வருவதுமில்லை. 'முந்தைய முறையைவிட மேம்பட்ட முடிவுகள் கிடைத்தன' என்ற வாக்கியத்தை எத்தனை முறை தமிழில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இந்தத் திரைத் தொட்டிகளில் உணரி ஒருபோதும் பொய் சொல்வதில்லை. தொட்டியின் அருகில் ஆளும் இல்லை.

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மாடித் தொட்டிக்கும் நிலத்தடித் தொட்டிக்கும் உணரிகள் வைத்து, மோட்டார் தானே ஓடித் தானே நிற்கும்படி ஏற்பாடு செய்தோம். அதற்கு முன்பு காவலாளிப் பெரியவர்தான் மோட்டார் போடுவார். நிரம்பி வழியும் குழாயின் முதல் சத்தம் கேட்டதும், எந்த மூலையில் இருந்தாலும் எழுந்து போய் அணைப்பார். தானியங்கி வந்ததும் அவர் கை படக்கூடாது என்று சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சங்கச் செயலாளர் வைத்துக்கொண்டார். ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பு ஓராண்டில் உணரிக் கம்பிகளின் மேல் வெள்ளையாகப் படிந்தது. ஒருநாள் இரவு, நிரம்பிய தொட்டியைக் 'காலி' என்று அது அறிவித்தது. விடிய விடிய நீர் வழிந்து, கீழ்த்தொட்டி வறண்டு, மோட்டார்ச் சுருள் எரிந்துபோனது. காலையில் செயலாளர் பெரியவரைக் கடிந்துகொண்டார். அவர் சொன்ன பதில்: "எனக்குக் கேட்டுச்சு சார். பொட்டி சாவி உங்ககிட்டல்ல இருக்கு."

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1983இல் 'ஆட்டோமேட்டிகா' இதழில் ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். தானியக்கத்தின் முரண்நகைகள் என்று தலைப்பைத் தமிழாக்கலாம். எளிய வேலைகளையெல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, இயந்திரத்தால் முடியாத அரிய தருணத்தில் மட்டும் மனிதனைக் கூப்பிடுகிறோம். ஆனால் அன்றாடம் செய்து கைவந்த பழக்கத்தால்தான் அந்தத் தருணத்தைக் கையாளும் திறமை அவனுக்கு வந்தது. அந்தப் பழக்கத்தை நாமே பறித்துவிட்டோம் என்பது அதன் சாரங்களுள் ஒன்று. எங்கள் செயலாளர் ஒரு படி மேலே போய்ச் சாவியையும் பறித்துவிட்டார்.

மோட்டார் எரிந்தால் சில ஆயிரம் ரூபாயோடு போயிற்று. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையில் நடந்ததும் ஒரு நீர்மட்டக் கதைதான். 170 அடி உயரக் கோபுரம். அடிப்பகுதியின் சில அடிகளை மட்டுமே அளக்கும் மட்டமானி. திரவம் 158 அடிவரை ஏறிவிட்டபோது அந்தக் கருவி எட்டடிக்கு அருகே காட்டி, அதுவும் மெல்ல இறங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. கோபுரம் வழிந்து தீப்பிடித்ததில் 15 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டுப் பலகையின் முன் இருந்தவர் நாளொன்றுக்கு 12 மணி நேரமாக 29 நாள் இடைவிடாமல் வேலை பார்த்திருந்தார் என்று விசாரணை அறிக்கை பதிவுசெய்தது. எந்த வழிமுறையில், எந்த மாறியாக அந்த 29 நாளை எழுதுவது?

அவ்வளவு தொலைவு போகவேண்டாம். 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி ஊருக்குள் பரவி 12 உயிர்களைக் கொண்டுபோனது. ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு கண்டது இது: வெப்பநிலையை அளக்கும் கருவி தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே இருந்தது. குளிரூட்டிய திரவம் அடியில் தங்க, மேலடுக்கு சூடேறிக்கொண்டே போனது. ஆலையிலும் வாயிலிலுமாக 36 இடங்களில் அபாய ஒலி எழுப்ப வசதி இருந்தும் அது பயன்படுத்தப்படவில்லை. ஒரு தொட்டியில் வெப்பமானியை எங்கே பொருத்துவது என்பதும், பொத்தானை அழுத்தவேண்டிய கை ஏன் அழுத்தவில்லை என்பதும் ஆய்வுப் பொருள் ஆகாதா?

நம் சென்னையிலேயே 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்தார்கள். நவீனக் கண்காணிப்புக் கருவிகளும் தானியங்கி அடைப்பு ஏற்பாடும் கொண்ட புதிய குழாய் வேண்டும் என்று பின்னர் தொழில்நுட்பக் குழு பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைதான். அந்தக் கருவிகள் உப்புக்காற்றில் ஐந்தாண்டு கழித்து என்ன சொல்லும், அதைக் கேட்கும் இரவுப் பணியாளருக்குக் குழாயை அடைக்க அதிகாரம் உண்டா என்பவற்றையும் யாராவது எடுத்து ஆராயவேண்டும்.

மாணவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஆலைகள் ஆய்வாளனுக்குக் கதவைத் திறப்பதில்லை. விபத்தைப் பற்றிய தரவை எவரும் கொடுப்பதில்லை. ஆறு மாதத்தில் ஒரு கட்டுரை வெளியாக வேண்டும். திரைத் தொட்டி உடையாது, வழியாது, யாரையும் கொல்லாது. ஆனாலும், 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தொடங்கியபோதே கருவியியலை ஒரு படிப்பாக வைத்த ஊர் இது. எழுத்தாளர் சுஜாதா அங்கே மின்னணுவியல் படித்தவர் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். மணலியும் எண்ணூரும் அம்பத்தூரும் பேருந்து தொலைவில் இருக்கின்றன. இந்த ஊரில் அந்த ஆய்வைச் செய்யாமல் வேறெங்கே செய்வது?

வியப்பு என்னவென்றால், இந்தத் துறையே ஒரு தொழிலாளியைக் கூர்ந்து பார்த்ததிலிருந்து வளர்ந்தது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்கா போன நிக்கொலாஸ் மினோர்ஸ்கி, கப்பலில் சுக்கான் பிடிப்பவர்கள் எப்படித் திருப்புகிறார்கள் என்று கவனித்தார். தேர்ந்தவர் கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. விலகும் வேகத்தையும் உணர்ந்து முன்கூட்டியே எதிர்த்திருப்பம் கொடுக்கிறார். அதைத்தான் 1922இல் அவர் சமன்பாடாக எழுதினார். நான் மேலே சொன்ன முக்கால முனிவருக்கு மூதாதை அந்த மீகாமன். நார்பர்ட் வீனர் 1948இல் சைபர்னெட்டிக்ஸ் என்று தன் துறைக்குப் பெயரிட்டபோதும் எடுத்துக்கொண்டது மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே. மீகாமனைப் பார்த்துத் தொடங்கிய படிப்பில் இன்று மீகாமனைக் காணோம்.

இவ்வாண்டு வந்த மாணவி ஒருவரிடம் இதையெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். அவருடையதும் கூம்புத் தொட்டிதான். அவர் தந்தை வடசென்னையில் ஓர் ஆலையில் பாய்லர் பார்ப்பவர் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. "அப்பா சத்தத்தை வெச்சே தண்ணி குறையுதுன்னு சொல்லிடுவார் சார். மீட்டர் அப்புறம்தான் காட்டும்" என்றார். இதை ஏன் ஆராயவில்லை என்று கேட்டேன். "அப்பாவைப் போய் எப்படி சார் ரெஃபரன்ஸ்ல போடறது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலையில் ஒலியைப் பதிவு செய்து, தந்தை தலையசைக்கும் கணத்தையும் மீட்டர் நகரும் கணத்தையும் குறித்துக்கொண்டு வந்தாலே அது ஓர் ஆய்வின் முதல் அத்தியாயம். கருவியால் கேட்க முடிந்தால் கருவிக்குச் சொல்லிக்கொடுக்கலாம். முடியாவிட்டால் அவர் நிற்கும் இடத்தையும் அவர் கைக்கு எட்டும் வால்வையும் அவரிடமிருந்து பறிக்காதிருக்கலாம்.

சுருக்கத்தின் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தோம். எதிர்கால ஆய்வில் ஆலையில் பணிபுரிபவரின் செவிப்புலன் அறிவும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்று. அங்கே எனக்கொரு சிக்கல் வந்தது. இத்தனை ஆண்டுகளில் அந்த ஆளைக் குறிக்கும் சொல் எனக்கு ஒருமுறைகூடத் தேவைப்பட்டதில்லை. 'இயக்குநர்' என்றால் திரைப்படக்காரர் வந்து நிற்கிறார். 'இயக்குபவர்' என்றால் யாரை, எதை என்ற கேள்வி தொங்குகிறது. ஆலைக்குள் எல்லோரும் சொல்வது ஆப்பரேட்டர். அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துத் திருத்தப்பட்ட படியோடு மாணவி வந்தார். வழிகாட்டி அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'மனிதப் பிழை' என்று எழுதியிருந்தார்.