சம்புடத்தில் இருக்கும் பல்செட்

என் அத்தையின் பல்செட் ஓர் எவர்சில்வர் சம்புடத்தில் இருக்கிறது. கல்யாணம் காட்சி என்றால் வெளியே வரும். பந்தியில் உட்கார்ந்ததும் கைக்குட்டைக்குள் போய்விடும். "ஏன் அத்தை போட்டுக்க மாட்டேங்கறீங்க?" என்றால், "அது என்னையில்ல கடிக்குது" என்பார். பல் இல்லாத தாடை எலும்பு வருஷத்துக்கு வருஷம் தேயும். என்றோ கட்டிய பல்செட்டின் அளவு அப்படியே இருக்கும். சரிசெய்யக்கூடியதுதான். யாரும் அழைத்துப் போகவில்லை, நான் உள்பட.

சுண்டல், கீரைத்தண்டு, கறி எல்லாம் நின்றுபோய், குழைந்த ரசம் சாதமும் டீயில் தோய்த்த பிஸ்கட்டுமே இப்போது அவருக்குச் சாப்பாடு. சர்க்கரை உள்ளவர் வேறு.

'வயசானா பல்லு விழத்தானே செய்யும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஜப்பானியர்கள் இதை ஏற்கவில்லை. 80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்ற இயக்கத்தை 1989-இல் அவர்கள் தொடங்கியபோது, அந்த இலக்கை எட்டியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2016 கணக்கெடுப்பில் பாதிப் பேர் எட்டியிருந்தார்கள். 80 வயது அன்றும் 80 வயதுதான்.

பல்லைக் கொண்டுபோவது ஈறு நோயும் சொத்தையும். ஈறு இறங்கி வேர் தெரிந்தால் சொத்தை சீக்கிரம் பிடிக்கும். பிரஷர், மனச்சோர்வு, அலர்ஜிக்குத் தரும் மாத்திரைகள் பலவும் எச்சிலை வற்றவைத்துச் சொத்தைக்கு வழிவிடும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. படுக்கையோடு இருப்பவரின் வாய்க்கிருமி நுரையீரலில் இறங்கி நிமோனியாவே வரலாம். 'க்ளீன் பண்ணினா பல்லு ஆடும்' என்ற பயம் வேறு. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைத்தான் பற்காரை பிடித்துவைத்திருந்தது.

காப்பீட்டுக்காரர்களோ வாயை உடம்பில் சேர்ப்பதில்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024-இல் 70 வயது நிரம்பிய எல்லாருக்கும் விரிந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் உள்நோயாளியாகச் சேர வேண்டும். பல் வைத்தியம் பெரும்பாலும் நாற்காலியிலேயே முடிந்துவிடுகிற சமாசாரம்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. வருகிறவர் கையில் ஒரு டார்ச்சும் இருந்து, "வாயைத் திறங்கம்மா" என்று ஒரு நிமிஷம் பார்த்தால் ஆடும் பல், கடிக்கும் பல்செட், வெற்றிலை புகையிலை போடும் வாயில் ஆறாத புண் எல்லாம் தெரிந்துவிடும். அதற்குமேல் போக்குவரத்துதான் பாடு. மூட்டுவலிக்காரரை இரண்டு பஸ் மாற்றி மாவட்டத் தலைநகருக்கு வரச்சொல்ல முடியாது. பல் மருத்துவர்தான் மாதம் ஒரு நாளாவது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து உட்கார வேண்டும். பல்செட் ராவுகிற கருவியோடு.