புவி வெப்பமும் ஊழ்வாதமும்

நிலவுலகின் வெப்பம் ஏறிவருதலும், மக்கள் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயுமே அதற்குத் தலையாய காரணமாதலும் ஆராய்ச்சியாளரால் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டன. இயந்திரத்தொழில் பெருகுமுன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காயிருந்த கரியமில வாயு இஞ்ஞான்று 420 பங்கையும் கடந்துவிட்டது. இதனை மறுக்கும் சைவர் மிகச் சிலரே. மறுக்காமலே வாளாவிருப்பார் பலர். "சங்காரம் இறைவன் தொழில், வருந்துவார் தத்தம் வினையான் வருந்துவர், நம்மாலாவது யாது?" என்று திருநீறணிந்த நெற்றியோடு கூறிவிட்டு, அவர் தம் விருப்பின்வழி ஒழுகுகின்றனர். இஃது உலகாயதன் கூற்றாயின் விட்டுவிடலாம். சித்தாந்தத்தின் பெயரால் கூறப்படுதலின் மறுக்கப்படுவதாயிற்று.

சங்காரமாவது, பிறந்திறந்து இளைத்த உயிர்களுக்கு ஓய்வளித்தற்பொருட்டு இறைவன் தனு கரண புவன போகங்களை மாயையின்கண் ஒடுக்குதல். அஃது அருட்செயல். வெள்ளத்தில் வீடிழந்தவனும், வறட்சியில் விளைவிழந்தவனும், பசியால் அழும் குழவியும் ஓய்வு பெற்றனரோ? உடம்பும் கருவிகளும் நிற்க, அல்லலன்றோ மிகுந்தது! மக்கள் செய்த கேட்டை முதல்வன் திருத்தொழிலெனச் சாற்றுதல் அவனைப் புகழ்தலன்று, அவன்மேற் பழி சுமத்துதலேயாம். "உலகம் பொய், பொய்ப்பொருள் கெட்டாலென்?" என்பாரோ, மாயாவாதியின் மடத்தில் உண்டு சித்தாந்தியின் திண்ணையில் உறங்குகின்றனர். மாயை உள்பொருளென்பதும், அதன் காரியமாகிய உலகம் உயிர்கள் மலம் நீங்குதற்கு இறைவன் உதவிய கருவியென்பதும் சந்தானாசாரியர் நிறுவிய உண்மைகள்.

இனி வினையைப் பற்றியது. துன்புறுவோன் தன் பிராரத்தத்தையே நுகர்கின்றான் என்பது மெய்யே. அந்நுகர்ச்சிக்குத் துணைக்காரணமாய் நின்றவன் தன் செயலால் ஆகாமியம் ஈட்டுவன் என்பதும் அவ்வளவே மெய். இதனை ஒழித்து அதனை மட்டும் கொள்ளின், கள்வனும் "பொருளிழந்தான் தன் ஊழால் இழந்தான்" என்று கூறித் தப்புவன். வழக்குமன்றமும் வேண்டா, விதிவிலக்குக் கூறும் நூலும் வேண்டா. பெருமழையும் கடுவெயிலும் ஆதிதைவிகத்தின்பாற் படுமென்று காட்டி அமைதி தேடுவாரும் உளர். மனிதன் கை கலந்தபின் அவை தனி ஆதிதைவிகமாய் நிற்குமாறு எங்ஙனம்?

ஓரிடத்தின் நிலையைக் கண்டால் இது மேலும் தெளிவாகும். தேவாரம் பெற்ற வடநாட்டுத் தலமாகிய திருக்கேதாரத்தில் 2013 ஆம் ஆண்டு ஜூன் 16, 17 ஆம் நாட்களில் பெருமழை பொழிந்தது. கோயிலுக்கு மேலே, சோராபாரிப் பனியாற்றை அடுத்திருந்த ஏரி உடைந்து ஊரை அடித்துச் சென்றது. அவ்வெள்ளங்களால் உத்தராகண்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆற்றங்கரையை நெருக்கிக் கட்டிய விடுதிகளும் அழிவை மிகுவித்தன. இமயப் பனி 2000 ஆம் ஆண்டுக்குப் பின் உருகும் வேகம், அதற்கு முந்திய கால்நூற்றாண்டினும் ஏறக்குறைய இருமடங்கென்பது செயற்கைக்கோட் படங்களால் அளந்தறியப்பட்டுள்ளது. இத்தலத்துக்கே, கௌரிகுண்டத்திலிருந்து நடந்தேறும் வலிமையுள்ள அடியாரும் ஹெலிகாப்டரிற் பறந்து சென்று, தொழுது, மீள்கின்றனர். பனிமலையை வணங்கச் செல்லும் யாத்திரையே அதனை உருக்கும் புகையைச் சேர்க்கின்றது. (மூத்தோரும் நோயாளரும் டோலியிற் செல்லுதல் அங்கு வழக்கமே, அவர்மேற் குறையில்லை.) திருநாவுக்கரசர் கயிலையை நாடிக் கால் தேயக் கையாலும், கை தேய மார்பாலும் சென்றார். திருஞானசம்பந்தரோ திருக்காளத்தியில் இருந்தபடியே கேதாரத்தைப் பாடியருளினார். நடந்தும் தொழலாம், இருந்தும் தொழலாம். விரைவு எந்த ஆகமம் விதித்த பூசையங்கம்?

"ஒருவன் ஒழிவதாற் குறைவதென்ன? பெருநாடுகளும் பெருந்தொழிற்சாலைகளுமன்றோ திருந்தல்வேண்டும்?" என்பர். அவை திருந்தல்வேண்டும் என்பதை மறுப்பார் யார்? ஆயினும் வினை செய்த உயிரைப் பற்றுவதேயன்றிப் பிறர் கணக்கோடு கூட்டிக் கழிக்கப்படுவதன்று. உழவாரம் ஏந்திய அப்பர், நாட்டிலுள்ள கோயிற் புல்லனைத்தும் தம்மால் ஒழியுமோ என்று எண்ணிக்கொண்டிருந்தாரல்லர்.

எஞ்சிய தடை ஒன்றுண்டு. "அங்ஙனமாயின் திருவிளக்கும் இடலாகாதோ? அதுவும் எரிவதன்றோ?" என்பதாம் அது. வினா கூரியது போலத் தோன்றினும், எரிபொருளின் தோற்றம் அறியாமையான் எழுந்தது. எட்செடி காற்றினின்று கொண்ட கரியையே அதன் எண்ணெய் எரிந்து மீளக் காற்றுக்குத் தருகின்றது. அடுத்த விளைவில் செடி அதனைத் திரும்பப் பெறும். நிலக்கரியும் நிலத்தெண்ணெயுமோ பல கோடி ஆண்டுகளாக மண்ணுள் அடங்கிக்கிடந்த கரியைப் புதிதாய்க் கொணர்ந்து சேர்ப்பன. திருவிளக்கைக் காட்டித் தம் ஊர்தியைக் காக்க நினைப்பார் இவ்வேறுபாட்டுக்கு விடை கூறுக.